வீட்டுக்கோழியின் தீனியும் குணமும்

விடியற்காலையில் கூட்டைத் திறந்துவிட்டால் போதும், கோழி தன் வயிற்றைத் தானே பார்த்துக்கொள்ளும் என்பது நம் கிராமங்களில் நெடுங்காலமாக நிலவிவரும் எண்ணம். இதில் பாதி உண்மை. மற்றப் பாதியினால் நேரும் நஷ்டத்தை யாரும் கணக்கில் எழுதுவதில்லை. கறவை மாடு அரைப்படி பால் குறைத்தால் வீடு முழுவதும் விசாரம் கொள்கிறது; கோழி ஒரு மாதம் முட்டையிடாமல் திரிந்தால் அது கோழியின் இஷ்டம் என்று விட்டுவிடுகிறோம். ஆனால் குடியானவர் வீடுகளில் பெண்மணிகளின் கையில் தனிப்பணமாகச் சேர்வது பெரும்பாலும் முட்டைக் காசும் சேவல் விற்ற காசுமேயாகும். குழந்தைகளின் வாய்க்குச் சுலபமாக எட்டக்கூடிய புஷ்டியான ஆகாரமும் அந்த முட்டையே. நாட்டுக்கோழி ஒன்று ஆண்டொன்றுக்கு 60 முதல் 80 முட்டைகள் வரையில் இடக்கூடியது. அந்த அளவு கிடைக்கும் வீடுகள் எத்தனை என்பதை அங்கத்தினர்கள் தத்தம் தெருவிலேயே விசாரித்து அறியலாம்.

இந்நஷ்டத்தில் ஒரு பெரும் பங்கு, கோழியின் பழக்கங்களுக்கு நாம் தவறான பொருள் கொள்வதனால் ஏற்படுகிறது. முட்டை குடிக்கும் கோழியைத் திருட்டுக்கோழி என்று விற்றுவிடுகிறோம். அடைக்கு உட்கார்ந்த கோழியைச் சோம்பேறி என்று தண்ணீரில் அமுக்குகிறோம். மூலையில் ஒதுங்கி நிற்கும் கோழியைச் சாதுவென்று மெச்சுகிறோம். அது பல சமயங்களில் பட்டினியாக இருக்கும், அல்லது நோய்ப்பட்டிருக்கும்.

கிளறுவது ஏன்?

நெற்குவியலின்மேல் நிறுத்தினாலும் கோழி காலால் கிளறிவிட்டுத்தான் கொத்தும். இதனைக் கண்டு நகைப்பவர் உண்டு. சிந்தியது போக மிச்சத்தைப் பார்த்துக் கோபிப்பவரும் உண்டு. வீட்டுக்கோழியின் மூதாதை தென்கிழக்கு ஆசியக் காடுகளிலும் இந்தியாவின் வடக்கு, கிழக்குப் பகுதிக் காடுகளிலும் வாழும் செந்நிறக் காட்டுக்கோழி. தென்னிந்தியக் காடுகளுக்கே உரிய சாம்பல்நிறக் காட்டுக்கோழியின் கலப்பும் சிறிது உண்டு. பல கோழிகளின் தோல் மஞ்சளாக இருப்பதற்கு அக்கலப்பே காரணம் என்று 2008ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆராய்ச்சி காட்டிற்று. சருகுக் குப்பைக்கு அடியில் விதையையும் புழுவையும் தேடி வாழ்ந்த அந்தப் பறவையின் கால், இன்றும் தன் வேலையை மறக்கவில்லை. கலத்தில் தாராளமாகத் தீனி வைத்திருக்கும்போதே, அதனைப் பாதி விட்டுவிட்டு, உமியிலோ மணலிலோ கலந்து கிடக்கும் தானியத்தை உழைத்துத் தேடித் தின்னும் இயல்பு கோழிக்கு இருப்பதை விஞ்ஞானிகள் சோதித்து அறிந்திருக்கிறார்கள். காட்டுக்கோழியிடம் இவ்வியல்பு மிகுதி. முட்டைக்கென்றே தேர்ந்து வளர்க்கப்பட்ட வெள்ளை லெகான் இனத்தில் குறைவு. கொல்லைப்புறத்தில் மேய்ந்து பிழைக்க நாட்டுக்கோழியே ஏற்றது என்று நம் முன்னோர் கூறிவந்ததற்கு இதுவும் ஒரு சான்றாகும்.

ஆகவே, தீனியைத் தட்டில் குவித்து வைப்பதைக் காட்டிலும், எருக்குழி ஓரத்திலோ சருகுகளின்மேலோ பரவலாக இறைப்பது நல்லது. இதனால் வேறொரு நன்மையும் உண்டு. அதைப் பின்னர் காண்போம்.

கோழிக்குப் பல் இல்லை. கொத்தியது முதலில் கழுத்தடியிலுள்ள தீனிப்பையில் தங்கி ஊறுகிறது. பின்னர் அரைவைப்பையை அடைந்து, அங்கே கோழி முன்பே விழுங்கி வைத்திருக்கும் சிறு கற்களுக்கிடையில் அரைபடுகிறது. கல் பொறுக்கும் கோழியை விரட்டக்கூடாது. சிமெண்டுத் தளம் போட்ட முற்றங்களிலும், நாள் முழுவதும் அடைத்துவைக்கும் கூடுகளிலும் கல் கிடைப்பதில்லை. அங்கே ஒரு சட்டியில் பருமணல் வைத்தல் அவசியம். அந்தியில் கூட்டில் அடையும்போது தீனிப்பையைத் தொட்டுப் பார்க்கும் வழக்கம் நம் பாட்டிமார்களிடம் இருந்தது. அந்தியில் அது நிறைந்தும் விடியற்காலையில் வற்றியும் இருக்கவேண்டும். அந்தியிலேயே வற்றியிருந்தால் அன்று தீனி போதவில்லை. விடிந்த பிறகும் கல்போல் நிறைந்திருந்தால், நீளமான வைக்கோல், நைலான் கயிறு, பிளாஸ்டிக் பையின் துண்டு இவற்றில் ஏதேனும் அடைத்துக்கொண்டிருக்கக்கூடும்.

சுவை அறியாத அலகு

கோழியின் நாவில் சுவை அரும்புகள் மிகக் குறைவு. இனிப்பை அறியும் சக்தி அதற்கு இல்லவேயில்லை. களத்தில் உலர்த்தியுள்ள மிளகாயைக் கோழி கொத்தி விதையை அள்ளித் தின்பதைக் கண்டு, அதன் வயிறு என்னாகுமோ என்று கவலைப்படுவோர் உண்டு. மிளகாயின் காரப்பொருளை நமது நரம்புகளில் உணரும் அங்கம் எது என்பதைக் கண்டறிந்தவர் டேவிட் ஜூலியஸ் என்ற அமெரிக்க விஞ்ஞானி. 2021ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றவர். கோழியிடமும் அவ்வங்கம் உள்ளது என்றும், ஆனால் காரம் அதனைத் தூண்டுவதில்லை என்றும் அவரது ஆராய்ச்சிக்கூடம் 2002ஆம் ஆண்டில் வெளியிட்டது. எனவே மிளகாயினால் நஷ்டம் மிளகாய்க்காரருக்கே.

உப்பு விஷயம் வேறு. கருவாட்டுக் கழிவு, ஊறுகாய்ச் சட்டியைக் கழுவிய நீர், உப்பு மிகுந்த மிச்சக் குழம்பு ஆகியவை குஞ்சுகளைக் கொன்றுவிடும். பூஞ்சாணம் பிடித்த கடலைப் பிண்ணாக்கும் மக்காச்சோளமும் அதனினும் கொடியவை. 1960ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் காரணம் விளங்காமல் மாண்டன. ஆராய்ந்தபோது, தீனியில் சேர்ந்த கடலைப் பிண்ணாக்கில் பூஞ்சாணம் உண்டாக்கிய நஞ்சே காரணம் எனத் தெரிந்தது. அந்நஞ்சுக்கு அஃப்ளடாக்சின் என்று பெயரிட்டார்கள். சமைத்தாலும் காய்ச்சினாலும் அது முற்றிலும் நீங்குவதில்லை. மனிதருக்கும் மாட்டுக்கும் ஆகாதென்று கழித்த பிண்ணாக்கைக் கோழிக்குப் போடுவது சிக்கனமாகத் தோன்றலாம். கோழியின் ஈரல் அதற்கு விலை கொடுக்கிறது.

வெள்ளைச் சோற்றைப் பற்றியும் கூறவேண்டும். வீட்டில் மிஞ்சிய சோறே கோழிக்கு முழு ஆகாரம் என்று கருதுவோர், பட்டேவியாவில் நடந்ததை அறிந்துகொள்வது நலம். இன்று ஜகார்த்தா என வழங்கும் அந்நகரில், 1890களில் எய்க்மன் என்ற டச்சு மருத்துவர் தமது ஆராய்ச்சிக்கூடத்தில் வளர்த்த கோழிகள் கால் தளர்ந்து விழலாயின. சில மாதங்கள் சென்றபின் அவை தாமாகவே குணமடைந்தன. விசாரித்ததில், இடைக்காலத்தில் கோழிகளுக்கு இராணுவ மருத்துவமனைச் சமையலறையிலிருந்து தீட்டிய வெள்ளையரிசிச் சோறு போடப்பட்டதும், புதிதாக வந்த சமையற்காரர் அதனைத் தர மறுத்ததனால் மீண்டும் தீட்டாத அரிசிக்கு மாறியதும் வெளிப்பட்டன. வியாதிக்கு மருந்து அரிசியின் தவிட்டில் இருந்தது. மனிதரைப் பீடித்த பெரிபெரி நோயின் மர்மம் விளங்குவதற்கும், பிற்காலத்தில் வைட்டமின்கள் கண்டுபிடிக்கப்படுவதற்கும் அக்கோழிகளே வழிகாட்டின. எய்க்மனுக்கு 1929ஆம் ஆண்டில் நோபல் பரிசு கிடைத்தது. நம் வீட்டுக் கோழிகள் வெளியில் மேய்வதால் அவ்வளவு தூரம் செல்வதில்லை. எனினும் அடைத்து வளர்க்கும் இடங்களில், மிச்சச் சோற்றுடன் தவிடு கலந்து பிசைந்து கொடுப்பதே முறை.

மேயும் கோழிக்குத் தானியத்தைவிடப் புரதச் சத்தே அதிகமாகக் குறைவுபடுகிறது. மழைக்காலத்தில் புழுபூச்சிகள் மலிந்திருப்பதால் இக்குறை தெரிவதில்லை. அறுவடைக் காலத்தில் சிந்திய மணிகளும் சேர்ந்துகொள்கின்றன. கோடையில் இரண்டும் இல்லை. அக்காலத்தில் கோழி ஒன்றுக்கு நாள்தோறும் 30 முதல் 50 கிராம் வரையில் தீனி கொடுத்து உதவவேண்டும். குஞ்சுகளுக்குக் கறையான் மிகச் சிறந்த ஆகாரம். ஒரு பழைய பானையில் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணம், மட்டை, ஓலை முதலியவற்றைப் போட்டு, சிறிது நீர் தெளித்து, கறையான் நடமாடும் இடத்தில் மாலையில் கவிழ்த்து வைத்தால், மறுநாள் காலையில் பானை நிறையக் கறையான் ஏறியிருக்கும். வெயில் ஏறுமுன் எடுத்துக் குஞ்சுகளின் முன் உதறிவிடவேண்டும். பணச்செலவு இல்லாத இம்முறை பல ஊர்களில் மறைந்துவருவது வருந்தத்தக்கது. அசோலா என்னும் நீர்ப்பெரணி வகையையும் சிறு தொட்டியில் வளர்த்துக் கொடுக்கலாம்.

மாலையில் சுண்ணாம்புப் பசி

முட்டையிடும் கோழி மாலை வேளையில் பழைய சுவரைக் கொத்துவதையும், கிளிஞ்சலைத் தேடுவதையும் பலர் கண்டிருக்கலாம். ஒரு முட்டை உருவாவதற்கு 24 முதல் 26 மணி நேரம் பிடிக்கிறது. அதில் ஓடு அமைவதற்கு மட்டும் ஏறக்குறைய 20 மணி நேரம் ஆகிறது. அவ்வேலையின் பெரும்பகுதி இரவில், கோழி பரணில் உறங்கும்போது நடைபெறுகிறது. ஓர் ஓட்டில் சுமார் 2 கிராம் சுண்ணாம்புச் சத்து அடங்கியுள்ளது. இரவில் தேவைப்படும் சரக்கை அந்தியிலேயே வயிற்றில் ஏற்றிக்கொள்ளக் கோழி முனைகிறது. மாலையில் ஒரு தனிச் சட்டியில் நொறுக்கிய கிளிஞ்சலையோ, காயவைத்துப் பொடித்த முட்டையோட்டையோ வைத்துவிட்டால், வேண்டிய கோழி வேண்டிய அளவு எடுத்துக்கொள்ளும். மாவாக அரைப்பதைவிடக் குறுணையாக நொறுக்குவது மேல். குறுணை அரைவைப்பையில் தங்கி இரவு முழுவதும் சிறிது சிறிதாகக் கரையும். இதனைப் பொதுத் தீனியில் கலந்துவிடக்கூடாது. மிகுதியான சுண்ணாம்பு குஞ்சுகளின் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

முட்டைக்கு ஒரு நாளைக்கு மேல் சற்றுக் கூடுதலாகப் பிடிப்பதனால், கோழி நாளுக்கு நாள் சிறிது தாமதமாக முட்டையிட்டு வந்து, ஒரு நாள் விட்டுவிடும். விட்ட நாளில் அண்டை வீட்டு வைக்கோற்போரில் முட்டையிட்டுவிட்டது என்று சந்தேகித்து எழும் சண்டைகள் பஞ்சாயத்து வரையில் வருவதுண்டு. கோழி மறைவிடம் தேடி அயல்வீட்டில் இடுவதும் மெய்யே. ஆனால் எல்லா நாளும் அப்படியன்று.

முட்டை குடிக்கும் பழக்கம் பெரும்பாலும் இந்தச் சுண்ணாம்புக் குறைவில்தான் தொடங்குகிறது. மெல்லிய ஓடு உடைகிறது. கசிந்ததைக் கோழி ருசி பார்க்கிறது. பின்னர் தானே உடைக்கக் கற்றுக்கொள்கிறது. ஒன்றைக் கண்டு மற்றவையும் கற்கின்றன. முட்டையிடும் கூடையை இருண்ட மூலையில் வைத்து, வைக்கோலைத் தடிப்பாகப் பரப்பி, முட்டையை இட்டவுடன் எடுத்துவிட்டு, கிளிஞ்சலும் கொடுத்துவந்தால் புதிதாகத் தொடங்கிய கோழி திருந்திவிடும். நெடுநாள் பழகியதைத் திருத்துவது கடினம்.

கொத்து வரிசை

கோழிக் கூட்டத்தில் யார் முன், யார் பின் என்னும் வரிசை ஒன்று உண்டு. முதற்கோழி எல்லாவற்றையும் கொத்தும். இரண்டாவது, முதற்கோழி நீங்கலாக மற்றவற்றைக் கொத்தும். கடைசிக் கோழி யாரையும் கொத்தாது, எல்லோரிடமும் கொத்துப்படும். இதனை முதன்முதல் முறையாக ஆராய்ந்து எழுதியவர் ஷெல்டெருப் எப்பே என்ற நார்வே நாட்டு அறிஞர். சிறுவனாக இருந்தபோதே கோழிகளைக் கவனித்துக் குறித்துவைக்கத் தொடங்கியவர் அவர். 1922ஆம் ஆண்டில் ஜெர்மன் மொழியில் அவர் வெளியிட்ட கட்டுரைக்குப் பிறகே, ‘கொத்து வரிசை’ என்னும் சொல் மனிதர்களின் அலுவலகங்களைப் பற்றிப் பேசும்போதுகூட வழங்கலாயிற்று.

வரிசை நிலைபெற்றுவிட்டால் சண்டை குறைகிறது என்பது இதன் நன்மை. ஆனால் ஒரே தட்டில் தீனி வைக்கும் வீட்டில் கடைசிக் கோழி தட்டை நெருங்க முடியாது. மற்றவை மேய்ந்து முடித்தபின் எஞ்சிய தூசிதான் அதற்கு. கோழி பெருமணிகளை முதலில் பொறுக்கும் குணமுடையது. மாவையும் தூளையும் கடைசியாகவே தொடும். சத்துக்காகக் கலந்த பிண்ணாக்குத் தூளும் உப்புத் தூளும் அடியில் தங்குகின்றன. முதற்கோழி வெறும் தானியத்தையும் கடைசிக்கோழி வெறும் தூளையும் தின்ன, இரண்டுக்கும் குறை நேருகிறது. தீனியைச் சிறிது நீர் விட்டுப் பிசிறி, பரவலாக இரண்டு மூன்று இடங்களில் இறைத்தால் இக்குறை நீங்கும். முன்னர் குறிப்பிட்ட வேறொரு நன்மை இதுவே. நனைத்த தீனியை அன்றே தீர்த்துவிடவேண்டும். மறுநாளுக்கு வைத்தால் பூஞ்சாணம் பற்றும்.

சந்தையில் வாங்கிய புதுக்கோழியைப் பட்டப்பகலில் கூட்டத்தின் நடுவே விட்டால், வரிசை குலைந்து இரத்தம் வரும்வரை கொத்து நடக்கும். சில நாட்கள் தனியே அடைத்து நோயில்லை என்று தெளிந்தபின், பழைய கோழிகள் பார்வையில் படும்படி பஞ்சாரத்தில் வைத்துப் பழக்கி, பிறகு ஓர் இரவில் பரணில் சேர்த்துவிடுவது நல்ல வழி.

சேவல்களுக்குள்ளும் வரிசை உண்டு. விடியலில் எந்தச் சேவல் முதலில் கூவும் என்பதைப் பற்றி ஜப்பானிய விஞ்ஞானிகள் 2015ஆம் ஆண்டில் ஒரு செய்தி வெளியிட்டார்கள். தலைமைச் சேவலே முதலில் கூவுகிறது. மற்றவை தத்தம் வரிசைப்படி தொடர்கின்றன. தலைமைச் சேவலை அப்புறப்படுத்தினால் இரண்டாவது சேவல் அவ்வுரிமையை எடுத்துக்கொள்கிறது. மாறாத மங்கிய வெளிச்சத்திலேயே வைத்திருந்தாலும் சேவல் வேளை தவறாமல் கூவுவதை அவர்களே 2013ஆம் ஆண்டில் காட்டியிருந்தார்கள். பொழுதைக் காட்டும் கடிகாரம் அதன் உடலுக்குள்ளேயே இருக்கிறது.

சேவல் நல்ல தீனியைக் கண்டால், தான் உண்ணாமல், தலையை ஆட்டி, கொக்கரித்துப் பெட்டைகளை அழைக்கும். உதாரகுணம் என்று இதனைப் பாராட்டலாம். ஆனால் தீனி இல்லாமலே இவ்வாறு அழைத்துப் பெட்டையை அருகில் வரவழைக்கும் சேவல்களும் உண்டு. இரண்டொரு முறை ஏமாந்த பெட்டை பிறகு அச்சேவலின் அழைப்பைப் பொருட்படுத்துவதில்லை. பருந்தைக் கண்டால் ஒரு மெல்லிய நீண்ட குரல், நாயையோ கீரியையோ கண்டால் விட்டுவிட்டு ஒலிக்கும் உரத்த குரல் என அபாயக் குரலிலும் சேவலுக்கு இரு வகை உண்டு. முதற்குரல் கேட்டவுடன் கோழிகள் பதுங்கும். இரண்டாவது கேட்டால் கழுத்தை நிமிர்த்திச் சுற்றுமுற்றும் பார்க்கும். குஞ்சுகள் திரியும் கொல்லையில் ஒரு செடிப்புதரோ சாய்த்துவைத்த ஓலையோ இருப்பது இதனால்தான் முக்கியம். பதுங்க இடமில்லாத வெறுந்தரையில் சேவல் கூவியும் பயனில்லை.

அடைக்கோழியும் குஞ்சும்

அடைக்கு உட்கார்ந்த கோழி 21 நாட்களும் ஏறக்குறையப் பட்டினி நோன்பே நோற்கிறது. நாளைக்கு ஒரு தடவை, கால் மணி நேரம்போல், இறங்கித் தின்று, நீர் குடித்து, புழுதி குளித்துத் திரும்புகிறது. தீனியை அலகின் அருகிலேயே வைத்தாலும் மிகுதியாகத் தின்னாது. உடல் இளைப்பது அக்காலத்தில் அதற்கு இயற்கை. முட்டைக்கு ஆசைப்பட்டு அடையைக் கலைக்க, மூக்கில் இறகைக் குத்துவதும் நீரில் அமுக்குவதும் கொடுமை. வெளிச்சமும் காற்றும் உள்ள இடத்தில், கம்பியடி வைத்த கூண்டில், தீனியும் நீரும் வைத்து மூன்று நான்கு நாட்கள் விட்டால், அடை பெரும்பாலும் தானே தெளிந்துவிடும்.

பொரித்த குஞ்சு, வயிற்றினுள் எஞ்சிய மஞ்சட்கருவைக் கொண்டு இரண்டு நாட்கள் தாங்கும். தீனி எது என்பதைத் தாய் கொத்திக் காட்டித்தான் கற்றுக்கொள்கிறது. தான் ஆகாதென்று அறிந்த நிறமுள்ள தீனியைக் குஞ்சுகள் தின்பதைக் கண்ட தாய்க்கோழி, முன்னிலும் மும்முரமாகக் கிளறியும் கொத்தியும் காட்டுவதை இங்கிலாந்தில் 1996ஆம் ஆண்டில் சோதித்துக் கண்டார்கள். ஒரு குஞ்சுக்கு நீண்ட புழு கிடைத்தால், அதை அங்கேயே தின்னாமல் கவ்விக்கொண்டு ஓடுவதும், மற்றவை துரத்துவதும் வேடிக்கையான காட்சி. பெரிய கோழிகளுடன் போட்டியிட முடியாத குஞ்சுகளுக்கு, பஞ்சாரத்தை மூன்று கற்களின்மேல் தூக்கிக் கவிழ்த்து உள்ளே நொய்யும் தீனியும் வைக்கவேண்டும். குஞ்சு நுழையும், பெரியது நுழையாது.

பஞ்சாயத்தின் பங்கு

கோழி வளர்ப்பு வீட்டுக் காரியம். ஆயினும் தெருவில் கிடைக்கும் மேய்ச்சல் பொதுவானது. ஒரு தெருவின் குப்பையும் புழுவும் சிந்திய மணியும் இத்தனை கோழிகளுக்குத்தான் போதும். அந்த அளவைக் கடந்து கோழி கூடினால் முட்டை கூடுவதில்லை. எல்லாக் கோழியும் அரைவயிறாகத் திரியும்; தோட்டங்களில் நுழையும்; வழக்கு வளரும். விதைநேர்த்திக்காக மருந்து கலந்த விதையை வரப்பிலும் வாசலிலும் சிந்தவிடுவது ஒரே நாளில் ஒரு தெருக் கோழிகளை மாய்க்கக்கூடியது. இதை விதைப்புக்கு முன் அறிவித்துவிடுதல் பஞ்சாயத்துக்கு எளிது. குப்பைமேட்டில் பிளாஸ்டிக்கைத் தனியே பிரிப்பதும் அப்படியே.

எல்லாவற்றையும்விடப் பெரிய அபாயம் வெள்ளைக்கழிச்சல். 1926ஆம் ஆண்டில் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசில் நகரிலும் கண்டறியப்பட்ட இந்நோய், அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் நம் நாட்டில் ராணிகேத் என்னும் ஊரில் காணப்பட்டதால் ராணிகேத் நோய் எனவும் வழங்குகிறது. வந்தபின் மருந்தில்லை, தடுப்பூசி ஒன்றே வழி. இதன் முதல் அறிகுறியையும் தீனி வேளையிலேயே காணலாம். வழக்கமாக முன்னே ஓடிவரும் கோழி, அழைத்தும் வாராமல், இறகைச் சிலிர்த்துக்கொண்டு ஒதுங்கி நின்றால், அன்றே அதனைப் பிரித்துவைத்துக் கால்நடை மருந்தகத்துக்குச் செய்தி அனுப்பவேண்டும். செத்த கோழியைக் குப்பையிலோ வாய்க்காலிலோ எறியாமல் ஆழப் புதைக்கவேண்டும். பயந்துகொண்டு மிச்சக் கோழிகளைச் சந்தைக்கு ஓட்டுவது, நோயை அடுத்த ஊருக்கு அனுப்புவதாகும்.

நம் மாநிலத்தில் கால்நடை பராமரிப்புத் துறையினர் ஆண்டுதோறும், பெரும்பாலும் பிப்ரவரி மாதத்தில், இந்நோய்க்கு இலவசத் தடுப்பூசி முகாம்கள் நடத்துகிறார்கள். முகாம் நாளைப் பஞ்சாயத்தார் முந்தின மாலையே ஒலிபெருக்கி மூலம் தெருத்தெருவாக அறிவிக்கவேண்டும். மறுநாள் காலையில் ஊசி போடுபவர் வந்து சேரும் வரையில் கூட்டைத் திறக்கவேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். திறந்துவிட்ட நாட்டுக்கோழியைப் பிடிப்பதற்கு ஒரு தெருவே ஓடவேண்டியிருக்கும். அப்போதும் பாதி அகப்படாது.